மூணு மேட்ச்

உள்ள வாங்க மதினி. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போயிர மாட்டாக. என்னடா இவ எடுத்த எடுப்புல மதினிங்கிறாளேன்னு நெனைக்காதீக. உங்க தங்கச்சிக்கு எந் தம்பியக் கேட்டு வந்திருக்கீக. பொண்ணோட அக்கா எனக்கு மதினி மொறைதானே? இன்னைக்கு இல்லாட்டியும் தையில அப்படித்தான் கூப்புடப் போறேன். அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆட்டம். இங்கிட்டு கட்டில்ல உக்காருங்க.

அவன் இல்லை. ஜேசிபி ஓட்டப் போயிருக்கான், கம்மாயில தூர் வாருற வேலை நடக்குதுல்ல, அங்க. பொழுது சாயத்தான் வருவான். அதுவும் நல்லதுதான். பொம்பளைக ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசிருவோம்.

தெருமொனையில விசாரிச்சுட்டுத்தான் வந்திருப்பீக. முகத்தப் பாத்தாலே தெரியுது. விசாரிங்க, நல்லா விசாரிங்க. நானும் உங்க எடத்துல இருந்தா அதைத்தான் செய்வேன். நான் எதையும் மறைக்கப் போறதில்லை மதினி. மொத தாரம் இருந்துச்சு, கோர்ட்டுல தீந்து போச்சு. கபடி லீக்குலருந்து ஆயுசுக்கும் ஆடக் கூடாதுன்னு தள்ளிட்டாக. ரெண்டும் நெசம். ஆனா ரெண்டும் வேற வேற. பொண்டாட்டிய அடிச்சான், அதான் தள்ளிட்டாகன்னு இந்த ஊரு சனம் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்புது. அந்தப் பேச்சுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஆதியிலருந்து நானே சொல்லிர்றேன், கேளுங்க.

எங்க ஆத்தா போறப்ப எந் தம்பி அடைக்கலத்துக்குப் பால்பல்லு விழுகலை. நான் வளத்த பிள்ளை அவன். நான் கட்டிப்போன எடத்துல எங்க வீட்டுக்காரரு லாரியில அடிபட்டுச் செத்துப்போயி, நான் திரும்பி வந்தப்ப இவன் பள்ளிக்கூடத்து மைதானத்துல புழுதியக் கெளப்பிக்கிட்டுத் திரிஞ்சான். என்ன மூச்சுங்கிறீக! ‘கபடி கபடி கபடி’ன்னு பாடிக்கிட்டே எதுத்த அணிக் கோட்டுக்குள்ள போவான். பாட்டு நின்னா ஆளு அவுட்டு. இவன் பாட்டு நின்னதே கெடையாது. நான் அடுப்படியில இருந்துக்கிட்டே கேப்பேன். அந்தச் சத்தம் வந்துக்கிட்டு இருக்குற வரைக்கும் எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம்.

அப்பறம் லீக்கு வந்துச்சு. ‘வெள்ளாறு வேங்கை’ங்கிற அணிக்கு எடுத்தாக. டிவியில வந்தான் மதினி! டவுன் பஸ்சுக்குப் பின்னால இம்மாம் பெரிய படம், தொடையத் தட்டிக்கிட்டு நிப்பான். நான் அந்த பஸ்சுக்காகவே நின்னு, அதுலதான் ஏறிப் போவேன்.

பூங்கோதைய அந்த நேரத்துலதான் கட்டி வச்சோம். பேராவூரணிப் பொண்ணு. நல்ல பொண்ணு, குத்தம் சொல்லக் கூடாது. தைக்கத் தெரியும். அந்தா அந்த மூலையிலதான் மெஷினப் போட்டிருந்தா. மெஷினும் ஓடும், வாயும் ஓடும். நான் இருக்குறேனா இல்லையான்னு கூடப் பாக்க மாட்டா, பேசிக்கிட்டே இருப்பா. கொத்தமல்லி வெலையப் பேசுவா, அவுக ஊரு தேரப் பத்திப் பேசுவா. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும். இப்பயும் சில நேரம் மத்தியானம் படுத்துக் கெடக்குறப்ப அந்த மெஷின் ஓடுற சத்தம் கேக்கும். எந்திரிச்சுப் பாத்தா மூலை காலியா இருக்கும். மெஷினத்தான் அவுக ஆளுக வந்து எப்பயோ தூக்கிட்டுப் போயிட்டாகளே. ஏதோ காத்துச் சத்தம்.

என்ன கேட்டீக? அடிச்சானான்னா?

சொல்றேன். கையை நீட்டுனான். இல்லைங்கல. ஆனா எப்ப, எதுக்குன்னு பாக்கணும்ல?

திருச்சியில ஒரு மேட்சு. கடைசி ரைடு இவனுது. ஒரு பாயிண்டு எடுத்தா ஜெயம். உள்ள போனவன் எப்படியோ மூச்சை விட்டுட்டான். பாட்டு நின்னுபோச்சு. ஊரு ஒலகமே பாத்துச்சு. மறுநாள் வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கான், சோத்தைத் தொடலை. இவ தட்டைக் கொண்டாந்து வச்சுட்டு, “என்னங்க, மூச்சு பத்தலையா?”ன்னு கேட்டுட்டா. வெள்ளந்தியாத்தான் கேட்டா. சளி கிளி புடிச்சிருக்கான்னு கேக்குற மாதிரி. ஆனா அந்த நேரத்துல கேக்குற கேள்வியா அது? அவன் எந்திரிச்சான். அவளை உள்ளாற கூட்டிட்டுப் போனான்.

நான் இங்கன, இதே கட்டில்ல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து மேட்சையே திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தாக. நான் சத்தத்தைக் கூட்டி வச்சேன். புருசன் பொண்டாட்டி பேசிக்கிறதை ஒட்டுக் கேக்கலாமா? தப்புல்ல? மேட்சு முடிஞ்சு, பரிசு குடுத்து, கேப்டன் பேட்டியும் முடிஞ்சு, வெளம்பரம் வரவும்தான் சத்தத்தக் கொறச்சேன்.

ஒரே ஒரு அறை மதினி. ஒண்ணே ஒண்ணு. அவந்தான் சொன்னான். எனக்கு டிவி சத்தத்துல எங்கிட்டுக் கேட்டுச்சு?

அவளை நான்தான் போயி எடுத்து உக்கார வச்சேன். காது வலிக்குதுக்கா, காது வலிக்குதுக்கான்னா. நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுன்னு காதுல ஊத்துனேன். வேற யாரு செய்வா? அவ ஆத்தாளா வந்து செஞ்சா? ஆனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப அங்க இருந்த டாக்டர் அதுக்கும் என்னையத்தான் வஞ்சாரு. செவிப்பறை கிழிஞ்சிருக்கு, அதுல போயி எண்ணெயை ஊத்தியிருக்கீங்களேம்மான்னு. எனக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுக்காரரு அடிச்சப்ப எனக்கும் எங்க மாமியா எண்ணெய்தான் காய்ச்சி ஊத்துச்சு.

ஆமா, அவரும் கை நீட்டுறவருதான். அதுக்கு நான் லீக்குலயா போயி மனுக் குடுத்தேன்?

பூங்கோதை குடுத்தா. மொதல்ல டேசனுக்குத்தான் போயிருக்கா. குடும்ப விசயம், பேசித் தீத்துக்கங்கன்னு அனுப்பிட்டாக. அவளுக்கு எங்கிட்டுருந்து அந்த யோசனை வந்துச்சுன்னா, அந்த வருசம் லீக்குல எல்லா ஆட்டக்காரனும் நெஞ்சுல ஒரு சின்னப் பட்டை ஒட்டிக்கிட்டு ஆடுனானுக. ‘பெண்மையைப் போற்றுவோம்’னு எழுதியிருக்கும். இவனும்தான் ஒட்டிக்கிட்டு ஆடுனான். அதை டிவியில பாத்துட்டு, இவுக கேப்பாகன்னு நம்பிப் போயிட்டா. விவரமில்லாத பிள்ளை.

கேக்கவும்தான் செஞ்சாக. அதைச் சொல்லணும்ல. லீக்குலருந்து கார் போட்டு இந்த வீட்டுக்கே விசாரிக்க வந்தாக. ரிட்டயரான பெரிய ஆபீசர் ஒருத்தர், ஒரு டாக்டர், ஒரு வக்கீலம்மா. அவுக வர்றதுக்கு மொத நாளே அணி மேனேஜர் சவரிமுத்து சார் வந்துட்டாரு. “அக்கா, செமிபைனல் வருது. அடைக்கலம் இல்லாம நாங்க எறங்க முடியாது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, மத்ததை நான் பாத்துக்குறேன்”னாரு. சொன்னேன். பொய்யின்னு சொல்ல முடியாது மதினி. அன்னைக்குப் பாத்ரூம் ஈரமாத்தான் இருந்துச்சு.

பூங்கோதையையும் அவ ஆத்தா வீட்டுலருந்து வரச் சொல்லியிருந்தாக. சவரிமுத்து சாருதான் சேர் எல்லாம் எடுத்துப் போட்டாரு. வக்கீலம்மாவ அவளுக்கு எடது பக்கமா ஒட்டி உக்கார வச்சாரு. அந்தம்மா பாவம், நல்ல மனுசி. எல்லாரும் இருக்குறப்ப பிள்ளை கூச்சப்படுமேன்னு அடிக்கொரலுல, காதோட காதா, “உன்னை அடிச்சாராம்மா?”ன்னு கேட்டுச்சு. இவ பேசாம எதுக்கவே பாத்துக்கிட்டு இருக்கா. மறுபடி கேட்டுச்சு. அப்பவும் இவ வாயே தெறக்கலை. அந்தம்மா பெரியவரப் பாத்து உதட்டைப் பிதுக்குச்சு. அவ்வளவு வாயாடி, கேக்க வேண்டிய எடத்துல கேட்டா வாயில கொழுக்கட்டை! நானே சொன்னேன், “பாருங்க சார், அவளே சொல்ல மாட்டேங்குறா”ன்னு.

எடது காதுதான் மதினி. ஆமா. ஏன் அப்படிப் பாக்குறீக?

அப்பறம் பெரியவரு நேரா கேட்டாரு, “இவர் ஆடக் கூடாதுன்னு சொல்றியாம்மா?”ன்னு. அதுக்கு மட்டும் பேசுனா. “ஆடட்டும் சார். ஆட்டத்தைப் பறிக்கணும்னு நான் வரலை. அவர் செஞ்சது தப்புன்னு நாலு பேரு இருக்குறப்ப நீங்க ஒரு தடவை சொல்லுங்க. அது போதும்”னா. பெரியவரு டாக்டரப் பாத்து, “ஆடட்டும்னு சொல்லுது”ன்னாரு. டீயக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாக. அவ கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தா. சொல்லுவாகன்னு நெனச்சிருப்பா போலருக்கு.

மூணு மேட்ச் மதினி. லீக்கு குடுத்த தண்டனை மூணு மேட்ச். அதுவும் அணிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்ததுக்காம். அந்த மூணுல ரெண்டு, விசாரணை நடக்குறப்பவே முடிஞ்சுபோன மேட்சு. மிச்சம் ஒண்ணு. செமிபைனலுக்கு எம்பிள்ளை எறங்கிட்டான்.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் பெத்த பிள்ளை மாதிரி வளத்தவ, நான் பரிஞ்சு பேசுவேன்னு வைங்க. அவுக யாரு? படிச்சவுக. சட்டம் தெரிஞ்சவுக. டாக்டரு கூட இருந்தாரு. பெரிய தப்பு பண்ணியிருந்தா மூணு மேட்சோட விட்டிருப்பாகளா? கடைத்தெருவுல எவனாச்சும் எந் தம்பியப் பத்திப் பேசுனா நான் இதைத்தான் கேப்பேன். லீக்கே மூணு மேட்ச்னு சொல்லிருச்சு, நீ யாருடா அதுக்கு மேல பேசன்னு. வாயை மூடிக்கிட்டுப் போயிருவானுக.

ஜெயிச்சோம். கோப்பைய வாங்கிட்டு வந்து இந்த டிவி மேலதான் ஒருநாள் வச்சிருந்தான். அவ கோர்ட்டுக்குப் போயிட்டா.

கலர் குடிக்கிறீகளா? டீயே போடட்டா? சரி, இருங்க, முடிச்சுர்றேன். இப்பத்தான் அநியாயத்துக்கே வரப்போறேன்.

கோப்பை ஜெயிச்சதுக்கு விருந்து வச்சாக, பெரிய ஓட்டல்ல. அணிக்குப் பணம் போடுற மொதலாளி, கம்பி ஆலைக்காரரு, அவரு மகன் வந்திருக்கான். இத்தினியூண்டு பய, முளைச்சு மூணு எலை விடலை. நாலு பிரண்டுகளக் கூட்டியாந்து, “ஏய், அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டு இந்த டேபிளச் சுத்தி ஒரு ரைடு போடு, இவனுக பாக்கட்டும்”னு இவன்கிட்டச் சொல்லியிருக்கான். இவன் மொதல்ல சிரிச்சுக்கிட்டு நகந்திருக்கான். அவன் சட்டையப் புடிச்சு இழுத்து, எங்கப்பன் காசுல திங்கிறல்லன்னிருக்கான். விட்டான் ஒரு அறை.

கன்னம் செவந்துச்சு, அம்புட்டுதான். காது கேக்குது, கண்ணு தெரியுது. பயலுக்கு ஒண்ணும் ஆகலை. மறுநாளு ஆயுசுத் தடை. விசாரணையுமில்லை, காரும் வரலை, டீயும் குடிக்கலை. சவரிமுத்து சார் போனை எடுக்கலை. டிவியில சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

எந்த ஊரு நியாயம் இது? அதே அணிக் கேப்டன் காரை ஓட்டிட்டுப் போயி பைபாஸ்ல நடந்து போன ஒரு மனுசனை இடிச்சுக் கொன்னான். கேசு கோர்ட்டுல இருக்கு, தீர்ப்பு வரட்டும்னு அவனை ஆட விட்டுட்டாக. இப்பயும் ஆடுறான். செத்தவன் பொழைச்சு வந்தா நிறுத்துவாகளோ என்னமோ. ஒரு உசுருக்குத் தண்டனையே இல்லை. பொண்டாட்டி காதுக்கு மூணு மேட்ச். மொதலாளி மகன் கன்னத்துக்கு ஆயுசு பூராம். நான் படிக்காதவ மதினி, எனக்கே இந்தக் கணக்கு ஒதைக்குது. இவுகளுக்குக் கணக்கு எதை வச்சு? எவ்வளவு வலிச்சுச்சுன்னா, இல்லை யாருக்கு வலிச்சுச்சுன்னா?

அதுலருந்துதான் எம்பிள்ளை இப்படி ஆயிட்டான்.

இல்லை, இல்லை, இப்படின்னா ஒண்ணுமில்லை. வேலைக்குப் போறான், சம்பாரிக்கிறான். குடி உண்டு, அது எல்லாரும்தான். விடிகாலையில எந்திரிச்சு கொல்லையில கோடு கிழிச்சு வச்சுக்கிட்டுத் தனியா ரைடு போவான். எதுக்க ஆளே இருக்காது. ‘கபடி கபடி’ன்னு பாடிக்கிட்டு ஆளில்லாத கோட்டுக்குள்ள போயி, தொட்டுட்டுத் திரும்பி வருவான். எதைத் தொடுறான்னு தெரியலை. நான் முழிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். முந்தியெல்லாம் அந்தச் சத்தம் கேட்டா நிம்மதியா இருக்கும்னு சொன்னேன்ல. இப்ப, எப்ப நிக்கும், நின்னா என்ன செய்வான்னு இருக்கு. நான் இப்பல்லாம் எதுத்த வீட்டு ராசாத்தி வீட்டுலதான் படுத்துக்குறேன். அவ தனியா இருக்கா, பயப்படுவா. அவளுக்குத் தொணைக்குத்தான். அங்கன வரைக்கும் கேக்கும் அந்தப் பாட்டு.

இதெல்லாம் ஒரு பொண்ணு வந்தாச் சரியாப் போயிரும். அதுக்குத்தானே பாக்குறோம்.

பூங்கோதைய ஒரு தடவை பாத்தேன். போன மாசி மாசம், பேராவூரணி சந்தையில. காய் வாங்கிக்கிட்டு நிக்கிறா. கொஞ்சம் சதை போட்டிருக்கா, நல்லாத்தான் இருக்கா. எடது பக்கமா நின்னு, ‘கோதை, கோதை’ன்னு கூப்புடுறேன், திரும்பலை. எனக்குக் கோவம் வந்துருச்சு. திமிரப் பாருடின்னு நெனச்சுக்கிட்டு விறுவிறுன்னு சுத்தி மறுபக்கம் போயிக் கூப்புட்டேன். ஒடனே திரும்பிட்டா. “அக்கா!”ன்னு கையப் புடிச்சுக்கிட்டா.

நான் என்னென்னமோ நெனச்சு வச்சிருந்தேன். கோர்ட்டுக்கு இழுத்தது, பேரைக் கெடுத்தது எல்லாத்தையும் கேட்டுப்புடணும்னு. அவ என் முகத்தையே பாத்துட்டு, “அக்கா, இப்பல்லாம் நீங்க எங்க படுத்துக்குறீக?”ன்னு கேட்டா.

இது என்ன கேள்வி மதினி? எத்தனை வருசம் கழிச்சுப் பாக்குறோம். நல்லா இருக்கீகளா, சாப்புட்டீகளா, அதெல்லாம் இல்லாம எங்க படுத்துக்குறீகளாம். பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். பஸ்சுல ஏறி உக்காந்தும் அதே கேக்குது. சோத்தை வடிக்கிறப்ப கேக்குது. ராசாத்தி வீட்டுல பாயை விரிக்கிறப்பல்லாம் என் பக்கத்துல நின்னு கேக்குற மாதிரியே இருக்கு. அவளுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலை. ராசாத்திகிட்டயே ஏன்னு சொல்லலையே.

சரி விடுங்க. எம் பேச்சு எங்கயோ போயிருச்சு. உங்க தங்கச்சியப் பத்திச் சொல்லுங்க. அப்பா இல்லைன்னு தரகரு சொன்னாரு. அண்ணன் தம்பியும் இல்லை. நீங்கதான் எல்லாமும். என்னைய மாதிரிதான். படம் கொண்டாந்திருக்கீகளா? குடுங்க பாப்போம்.

லட்சணமா இருக்கு. சின்ன முகம். பல்லு தெரியச் சிரிச்சிருக்கு. பேசுமா? நெறைய பேசுமா?

ம்.

பாட்டு வேற பாடுமா, வேலை செஞ்சுக்கிட்டே.

என்ன சொன்னீக? இன்னொருக்கச் சொல்லுங்க.

‘லீக்கே மூணு மேட்சோட விட்டிருக்கு, அப்ப பெருசா ஒண்ணும் இருந்திருக்காது’ன்னா சொல்றீக? ‘ஊருல சொன்னதைக் கேட்டுப் பயந்துக்கிட்டே வந்தேன், இப்பத்தான் மனசு லேசாச்சு’ன்னா? வர்ற வெள்ளிக்கிழமை தங்கச்சியக் கூட்டியாந்து வீட்டைக் காட்டுறீகளா?

வெள்ளிக்கிழமை.

இல்லை, சந்தோசம்தான் மதினி. சந்தோசம்தான். நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீக. அடுத்தவுக வாயிலருந்து கேக்குறப்ப ஏதோ மாதிரி இருக்கு. மூணு மேட்ச். இந்தப் படத்தை நீங்களே வச்சுக்கங்க. எங்கிட்ட வேணாம். பையில வைங்க, உள்ள தள்ளி வைங்க.

வண்டிச் சத்தம் கேக்குதா? அவந்தான். பொழுது சாயத்தான் வருவான், இன்னைக்கு ஏன் இப்பயே... எந்திரிங்க மதினி. நான் சொல்றதைக் கேளுங்க. அவன் உள்ள வந்ததும் நான் ஒண்ணு சொல்லுவேன். நீங்க எதுவும் எதுத்துப் பேசாதீக, ஆமான்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்பிருங்க. பஸ்சு வந்துரும். வெள்ளிக்கிழமை வராதீக. எந்தக் கெழமையும் வராதீக. அந்தப் பிள்ளை பேசட்டும். பாடட்டும். வேற எங்கயாச்சும் இருந்து பாடட்டும்.

வாடா தம்பி. என்ன, சீக்கிரம் வந்துட்ட? இவுகதான் தரகரு சொன்ன பொண்ணோட அக்கா. அவுகளுக்கு முழுச் சம்மதம்டா. நான்தான் வேணாம்னுட்டேன். ஆமா, நான்தான். எனக்குப் புடிக்கலை. அவுக மேல ஒண்ணும் தப்பில்லை, அவுகளப் பாக்காத. எதுன்னாலும் என்னையக் கேளு.

போயிட்டு வாங்க மதினி. பாத்து எறங்குங்க, படி ஒசரம். வாசக்கதவைச் சாத்த வேணாம். தெறந்தே கெடக்கட்டும், அப்படியே விட்டுட்டுப் போங்க.